உறை என்னும் சொல்லும் எல்லைப்புறத் தயிரும்

கோயிற் கல்வெட்டுக்கள் விளக்குக்கு விட்ட ஆடுகளையும் பசுக்களையும் எண்ணிக் கூறும். நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யையும் கூறும். அந்நெய்க்கு மூலமான பாலை முதல்நாள் இரவே தயிராக்கிய உறையைப் பொறிக்க எவர்க்கும் தேவை நேரவில்லை போலும். அதனைப் போற்றி வைத்திருப்பது இலக்கியமே.

புறநானூற்று 276-ஆம் பாடலில் மதுரைப் பூதன் இளநாகனார், முதியவள் ஒருத்தியின் மகன் தனியொருவனாய்ப் பகைப்படை முழுதையும் கலக்கியதற்கு, ஆய்மகள் குடப்பாலில் நகத்தால் தெறித்த சிறிதளவு உறையை உவமை கூறுகின்றார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ, குடத்துப் பால் உறையாமை கண்டு மாதரி தீங்கு வருமென்று அஞ்சுகின்றாள். நாடோறும் தவறாது நிகழ்வது ஒருநாள் தவறினமையே அவ்வச்சத்திற்குக் காரணம். முன்னது உறையின் ஆற்றலையும், பின்னது அஃது அழியக்கூடும் என்பதையும் உணர்த்துகின்றன.

இவற்றால் பண்டைத் தமிழர் நுண்ணுயிர்களை அறிந்திருந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் விளைவை அறிந்தனர். காரணத்தைப் பிற்காலம் கண்டது. பால் புளித்தல் நுண்ணுயிர்களின் செயலென 1857-இல் பாஸ்டர் காட்டினார். அதனைச் செய்யும் பாக்டீரியம் ஒன்றைத் தனியே பிரித்த செய்தியை 1878-இல் லிஸ்டர் வெளியிட்டார். அவை பாலிலுள்ள சருக்கரையை இலாக்டிக் அமிலமாக்க, புளிப்பு மிகுந்து பாற்புரதம் திரள்கின்றது. தெறித்த துளி ஓரிரவிற் பல்கிக் குடம் முழுதும் பரவுதலின், புலவர் உவமை சிறுமையை மட்டுமன்றிப் பெருக்கத்தையும் சுட்டுவதாதல் தெளிவு. பாலைக் கெடுக்காது தயிரைக் கெடுக்கும் நச்சுயிரியும் உண்டு; பாக்டீரியங்களை அழிக்கும் அவ்வகை புகுந்தால் பால் உறையாது.

இனி, மூன்று மொழிகள் கலந்து வழங்கும் ஓசூர், கிருட்டினகிரிப் பகுதியை நோக்குவோம். தமிழர் தயிர் என்பதனைக் கன்னடர் மொசரு என்பர். தெலுங்கர் பெருகு என்பர். தமிழில் மோருக்கு முசர் என்னும் பழம்பெயரும் உண்மையின், மொசரு நமக்கு அயற்சொல் அன்று. ஓசூரை அடுத்த மத்திகிரியிற் கால்நடைப் பண்ணை 1824-இலேயே தோன்றியது. ஆநிரைப் போரில் மாண்டோர்க்கு நாட்டிய நடுகற்களும் இம்மாவட்டத்திற் பல உள. ஆவே செல்வமாயிருந்த இந்நிலத்தில், 1970-களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, பல ஊர் மக்களும் குடியேறினர்.

வீட்டுத் தயிரில் இலாக்டோகாக்கசு, இலூக்கோநாசுடாக்கு, இலாக்டோபாசில்லசு முதலிய பல இனங்கள் கூடி வாழும். சுவையும் மணமும் அவற்றின் கூட்டால் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆலைத் தயிரோ தேர்ந்தெடுத்த சிலவற்றாலேயே உறைவது. 2012-இல் இந்திய அரசு இலாக்டோபாசில்லசு இனத்ததொன்றை நாட்டின் நுண்ணுயிராக அறிவித்தது; ஆயினும் ஓரினத்திற்குச் செய்த சிறப்பு, பல்லினக் கூட்டத்தைக் காவாது.

அண்டை வீட்டில் உறைமோர் இரந்து வாங்கும் வழக்கம் நின்றால், தலைமுறைதோறும் கைம்மாறி வந்த அவ்வுயிர்த்தொடர் அறும். ஏடு செல்லரித்தால் படியெடுத்த பிறிதோர் ஏடேனும் கிடைக்கலாம். அற்ற உறைக்குப் படியில்லை. ஆகவே இவ்வெல்லைப்புறச் சிற்றூர்களில் உறை பற்றிய சொற்களைத் தொகுக்கச் செல்லும் நம் மாணவர், நுண்ணுயிரியல் மாணவரையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. சொல்லும் பொருளும் ஒருங்கே கிடைக்கும் காலம் இதுவே.