குழந்தைக்கு அம்மை, கையில் ஊருக்கு டிக்கெட்: போகலாமா, தள்ளிப்போடலாமா?

மும்பையில் வேலை. ஏப்ரல் 12 இரவு மதுரைக்கு ரயில். ஊரில் தங்கைக்கு வளைகாப்பு. 6ஆம் தேதி காலை ஐந்து வயது மகனைக் குளிப்பாட்டும்போது முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். மாலைக்குள் அவற்றில் நீர் கோத்துவிட்டது. சின்னம்மைதான் என்கிறார் மருத்துவர். 'இன்னும் ஆறு நாள் இருக்கே, அதுக்குள்ள சரியாயிடும்ல?' என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள்.

ஆகலாம். ஆனால் எதை 'சரியாயிடுச்சு' என்று சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். காய்ச்சல் இறங்குவதோ, பிள்ளை மறுபடி ஓடி விளையாடுவதோ, வீட்டில் முதல் தண்ணீர் ஊற்றுவதோ கணக்கில் வராது. பார்க்க வேண்டியது தோலை. கடைசிக் கொப்புளம் வரை எல்லாமே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். அதுவரை நோய் பரவும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தேதி போட்டுப் பார்ப்போம். புள்ளி தெரிந்தது 6ஆம் தேதி என்றாலும், அதற்கு ஓரிரு நாள் முன்பே, அதாவது 4ஆம் தேதியிலிருந்தே, பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கியிருக்கலாம். புதுக் கொப்புளங்கள் சில நாட்களுக்கு வந்துகொண்டே இருக்கும். பொதுவாக 5 முதல் 7 நாட்களில் எல்லாம் காயும்: 11 முதல் 13ஆம் தேதிக்குள். உங்கள் ரயில் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. 11ஆம் தேதி தலைமுடிக்குள், வாய்க்குள், இடுப்புக்குக் கீழே எல்லாம் தேடிப் பாருங்கள். ஒரு கொப்புளத்தில் நீர் இருந்தாலும் ரயில் ஏற வேண்டாம்.

'மாஸ்க் போட்டு ஓரமா உட்கார வெச்சிடலாமே' என்று தோன்றும். சின்னம்மை வைரஸ் காற்றிலும் பரவும். நோயுள்ளவருடன் ஒரே அறையில் 15 நிமிடம் இருந்தாலே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அதைத் தொடர்பாகக் கணக்கிடுகிறது. நீங்கள் போகப்போவதோ ஒரு நாளைத் தாண்டும் பயணம், மூடிய ஏசி பெட்டியில். எதிர் பெர்த்தில் கர்ப்பிணியோ, கீமோதெரபி எடுப்பவரோ இருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது.

சட்டமும் சும்மா விடவில்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, விதிகளில் குறிப்பிட்ட தொற்றுநோய் உள்ளவர்கள் அனுமதியின்றி ரயிலில் பயணிக்கக் கூடாது. மீறினால் அவரை மட்டுமல்ல, உடன் வருபவரையும் இறக்கிவிடலாம், டிக்கெட்டும் போகும். விமானத்திலும் நிறுவனம் ஏற்ற மறுக்க முடியும். முகத்தில் பொருக்கு தெரிந்தாலே கவுண்டரில் கேள்வி வரும் என்பதால், 'எல்லாக் கொப்புளங்களும் காய்ந்துவிட்டன' என்று தேதியோடு மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்வதென்றால் முடிவைத் தள்ளாதீர்கள். நேரம் நெருங்க நெருங்க திரும்பக் கிடைக்கும் பணம் குறையும். உறுதியான தட்கல் டிக்கெட்டுக்கு ஒன்றுமே கிடைக்காது.

சின்னவளை மறந்துவிடாதீர்கள்

வீட்டில் இரண்டு வயது மகளும் இருக்கிறாள் என்று வையுங்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். 'இவளையாவது அம்மாகிட்ட அனுப்பிடலாம்' என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. தடுப்பாற்றல் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் இது. வெளியே தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும். அண்ணனிடமிருந்து அவளுக்கு 4ஆம் தேதியே தொற்றியிருந்தால் 14இல் கொப்புளம் வரலாம், 12இலேயே பரப்பலாம். 12ஆம் தேதிதான் தொற்றியது என்றால் மே 3 வரை காத்திருக்க வேண்டும். அதாவது அண்ணன் குணமாகும் நேரத்தில் தங்கையின் கணக்கு தொடங்குகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பயணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவது பிள்ளைதான்.

அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னம்மை தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு டோஸ் பரிந்துரைக்கிறது. போடாத பிள்ளைக்கு, தொடர்பு ஏற்பட்ட 3 நாட்களுக்குள், அதிகபட்சம் 5 நாட்களுக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ, கடுமையைக் குறைக்கவோ வாய்ப்புண்டு. 4ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 6ஆம் தேதி உங்களுக்கு அதிக அவகாசம் இல்லை. டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் முன் இந்த போனைப் போடுங்கள்.

போய்ச் சேரும் வீடு

வளைகாப்பு என்றால் ஏழாவது அல்லது ஒன்பதாவது மாதம். தங்கைக்கு முன்பு அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் இல்லை என்றால், இப்போது தொற்றினால் நிமோனியா வரை போகலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. 'சின்ன வயசுல வந்துச்சான்னு ஞாபகம் இல்லை' என்று அவர் சொன்னால், எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று கடந்துபோகிறோம். ஆனால் இந்த வீட்டுக்குள் வராதீர்கள் என்று தெருவுக்கே அது சொன்னது. அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் யார் சொல்வது?

பயணம் தள்ளிப்போகும் நாட்களில் காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாகி வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது. 4, 5 தேதிகளில் உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு இருந்தவர்களில் கர்ப்பிணி யாராவது உண்டா? இன்றே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்கு மருத்துவர் பரிசீலிக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியை, தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் போட்டாக வேண்டும். 4ஆம் தேதி வந்தவருக்கு அது ஏப்ரல் 14.