காட்சி சுட்டியை அறியலாமா? 1979 டிசம்பர்க் குறிப்பின் ஒரு விதி பற்றி

வரைகலை நிரல்களில் விசைப்பலகை, சுட்டி உள்ளீட்டின் வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்ற முப்பிரிவில் கட்டுப்படுத்தி என்பது அக்காலக் கணினிகளின் போதாமையால் பிறந்தது. சாளர அமைப்புகள் நிகழ்வுகளைத் தாமே உரிய உறுப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடங்கியதும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. ஆகவே காட்சியும் கட்டுப்படுத்தியும் ஒன்றாகிவிட்டது இயல்பான வளர்ச்சியே என்பது அந்தக் கருத்து. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது ஸ்மால்டாக்-80 என்ற நிரல்மொழி அமைப்பின் மூலநிரல். அதே மூலநிரலைச் சற்று நெருங்கிப் படித்தால் நேர்மாறான முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது என்று கருதுகிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். இந்த முப்பிரிவை வகுத்த டிரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது 1979 மே 12 அன்று எழுதிய குறிப்பில் கட்டுப்படுத்தி என்ற பிரிவே கிடையாது. டிசம்பர் 10 குறிப்பில்தான் அது தலைகாட்டுகிறது. அங்கே இரண்டு தடைகள் அடுத்தடுத்து விதிக்கப்படுகின்றன: கட்டுப்படுத்தி தானாக எதையும் வரைந்து காட்சிக்குத் துணைசெய்யக் கூடாது, சுட்டியின் அசைவு, விசையின் அழுத்தம் ஆகிய எதையும் காட்சி அறியக் கூடாது. அவற்றைத் தொடர்ந்து ஒரு நிபந்தனை வருகிறது. பயனர் எந்த வரிசையில் கட்டளைகளைக் கொடுத்தாலும், அதே வரிசையை அச்சொட்டாகத் திரும்ப நிகழ்த்தும் செய்திகளைக் காட்சிகளுக்கு அனுப்பும் ஒரு செயல்முறையைக் கட்டுப்படுத்திக்குள் எழுத முடியவேண்டும்.

முந்தைய ஆய்வுகள் தடைகளோடு நின்றுவிடுகின்றன. அவற்றை அடுக்குகளைத் தூய்மையாக வைத்திருக்கும் ஆசையாகவும், நடைமுறை அந்த ஆசையைக் கைவிட்டதாகவும் படிக்கின்றன. ஆனால் வெறும் தூய்மைதான் நோக்கம் என்றால் நிபந்தனைக்கு அங்கே இடமே இல்லை, தடைகளே போதும். நிபந்தனை சேர்க்கப்பட்டிருப்பதால், தடைகள் எதற்காக என்பதை அதுவே சொல்கிறது என்று கொள்வதே பொருத்தம். சுட்டியும் விசைப்பலகையும் இல்லாமலே ஒரு நிரலை இயக்கிக் காட்ட முடிகிறதா என்பதுதான் உரைகல். ஒரே குறிப்பை வைத்து ஆசிரியரின் உள்ளக்கிடக்கையை அறுதியிட முடியாதுதான். ஆயினும் மூன்று வாக்கியங்களையும் சேர்த்து விளங்கவைக்கும் வாசிப்பு, இரண்டை மட்டும் விளக்கும் வாசிப்பைவிட மேலானது.

இனி மூலநிரலுக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவான சான்று பாராகிராப் என்ற வகுப்பில் இருக்கிறது. இது ஸ்மால்டாக்-80இல் தோன்றி, அதன் வழிவந்த ஸ்குவீக்கின் தொடக்கப் பதிப்புகளிலும் தொடர்ந்தது. பாராகிராப் ஒரு காட்டுபொருள். உரையைத் திரையில் வரிவரியாக அமைப்பது அதன் தொழில். அதில் மவுஸ்செலக்ட் என்றொரு செயல்முறை உண்டு. சிவப்புப் பொத்தான், அதாவது சுட்டியின் முதற்பொத்தான், அழுந்தியிருக்கும்வரை அது ஒரு சுழற்சியில் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் சுட்டி எங்கே என்று சென்சார் பொருளிடம் கேட்கும். நகர்ந்திருந்தால் தெரிவுப்பகுதியை நீட்டும் அல்லது குறுக்கும். பொத்தானை விட்டதும் தொடக்கமும் முடிவுமான இரண்டு எழுத்திடங்களைத் திருப்பித் தரும். வரைகிற பொருளே சுட்டியைக் கேட்கிறது. விதி எழுதிய மை காயும் முன்பே மீறப்பட்டுவிட்டது, ஆகவே பிரிவினை சாத்தியமற்றது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

மீறல் உண்மைதான். சாத்தியமின்மை மட்டும் அதிலிருந்து கிடைப்பதில்லை. அந்தச் சுழற்சிக்குள் நடப்பவை இரண்டு வேலைகள். ஒன்று, பொத்தான் இன்னும் அழுந்தியிருக்கிறதா, புள்ளி எங்கே என்று கருவியைக் கேட்பது. மற்றொன்று, கிடைத்த புள்ளிக்குக் கீழே எந்த எழுத்து இருக்கிறது என்று கணிப்பது. இரண்டாவது வேலையை மவுஸ்செலக்ட் தானே செய்வதில்லை. அதே வகுப்பிலுள்ள கேரக்டர்பிளாக்-அட்-பாயின்ட் என்ற வேறொரு செயல்முறையிடம் புள்ளியைக் கொடுத்து விடையை வாங்குகிறது. அந்தச் செயல்முறைக்குச் சுட்டி தெரியாது. புள்ளி எங்கிருந்து வந்தது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சோதனைக்காக எழுதிய ஒரு மாறிலிப் புள்ளியைக் கொடுத்தாலும் அதே விடைதான் வரும். வடிவியலுக்குப் பொறுப்பான பகுதி ஏற்கனவே தனியாக, விதிக்கு முழுக்க உடன்பட்டு நிற்கிறது. சுழற்சியை மட்டும் எடுத்துப் பாராகிராப்-எடிட்டர் என்ற கட்டுப்படுத்திக்குள் வைத்திருந்தால் மீறலே இருந்திருக்காது. உரையமைப்பில் ஒரு வரியும் மாறியிருக்காது. பிரிக்க முடியாது என்று காட்டக் கொண்டுவந்த சான்று, எங்கே பிரிக்கவேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுகிறது.

அந்தக் கட்டுப்படுத்தியிலேயே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கட்டுப்பாடு தன் கையில் இருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அது முதலில் விசைப்பலகையைக் கவனிக்கிறது, பிறகு சுட்டிப் பொத்தான்களை. இரண்டும் ஒரே பொருளின் கையில். இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதலாம். இழுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அங்கேயே, அது அழைத்து ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் உள்மாறிகளில், இருக்கிறது. செயலியை ஓயவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் ஸ்மால்டாக்-80 முறையின் அடையாளம் என்று வரலாறுகள் எழுதுகின்றன. அது அந்த முறையின் விலை மட்டுமே. அதன் சாரம் இந்த ஒருமைதான்.

ஒருமை போனபின் என்ன ஆயிற்று என்பதற்கு ஜாவா நல்ல எடுத்துக்காட்டு. முதல் பதிப்பில் உறுப்பே நிகழ்வைக் கையாண்டது. கையாளாவிட்டால் பொய் என்று விடையளிக்க, நிகழ்வு தாய்ப்பெட்டிக்கு ஏறியது. 1997இல் வந்த 1.1 பதிப்பு அதை மாற்றி, நிகழ்வுகளைத் தனி லிசனர் பொருள்களிடம் ஒப்படைத்தது. மவுஸ்லிசனருக்கு ஐந்து செயல்முறைகள், அசைவுக்கான லிசனருக்கு இரண்டு, விசைக்கான லிசனருக்கு மூன்று. பார்வைக்கு இது கட்டுப்படுத்தியின் மறுபிறப்பு. ஆனால் வகுத்த முறை பயனரின் செயலை ஒட்டியது அன்று, கருவியை ஒட்டியது.

ஒரு வரைபட நிரலில் செவ்வகத்தை இழுத்துப் பெரிதாக்குவதாகக் கொள்வோம். இழுப்பு நிகழ்வுகள், எந்த உறுப்பில் பொத்தானை அழுத்தினோமோ அதற்கே, பொத்தானை விடும்வரை வந்துகொண்டிருக்கும். நடுவில் மனம் மாறி எஸ்கேப் விசையை அழுத்தினால், அந்த நிகழ்வு குவியம் பெற்ற, அதாவது அப்போது விசையழுத்தங்களை ஏற்கும், உறுப்புக்குப் போகும். குவியம் பக்கத்திலுள்ள உரைப்பெட்டியில் இருந்தால், இழுப்பை நிறுத்தவேண்டிய பொருளுக்குச் செய்தியே எட்டாது. இந்தச் சிக்கலைக் கருவித்தொகுப்பை எழுதியவர்கள் பாதி உணர்ந்திருந்தார்கள்: ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட், மெட்டா விசைகளின் நிலையைச் சுட்டி நிகழ்வோடேயே ஒட்டி அனுப்பினார்கள். அதுவும் முழுத் தீர்வாகவில்லை. இழுப்பின் நடுவே கையை அசைக்காமல் ஷிப்டை அழுத்தினால் சுட்டி நிகழ்வு எதுவும் பிறப்பதில்லை. செவ்வகம் சதுரமாக மாறவேண்டுமானால் சுட்டியை இம்மியளவாவது நகர்த்தவேண்டும். தேர்ந்த நிரலர் என்ன செய்கிறார்? குவியத்துக்குப் போகும் முன்பே விசை நிகழ்வுகளைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு மையப் பொருளை அமைத்து, இழுப்பின் நிலையையும் அதற்குத் தெரியப்படுத்துகிறார். 1.4 பதிப்பில் அதற்கென்றே கீ-ஈவென்ட்-டிஸ்பேச்சர் என்ற வசதி சேர்ந்தது. வேலையற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட கட்டுப்படுத்திக்கு இங்கே வேலை மிச்சமிருக்கிறது.

விசைப்பலகை மட்டும் தனியாக வந்தாலும் இதே நிலைதான் என்பதைத் தமிழில் தட்டச்சு செய்வோர் நன்கு அறிவார்கள். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பில் ககரத்தை அடுத்து இகரத்தை அழுத்தினால் கி. ககரத்தையே மீண்டும் அழுத்தினால் க்க. பின்னால் வரும் விசை, முன்னால் திரையேறிவிட்ட எழுத்தைத் திருத்துகிறது. ஒவ்வொரு அழுத்தத்தையும் ஓர் எழுத்தென்று எண்ணிக் காட்சியிடம் நேரே அனுப்பும் நிரல் இங்கே உடைந்துபோகும். அழுத்தங்களின் தொடரை நினைவில் வைத்து, இதைச் சேர், அதை மாற்று என்ற செய்திகளாக ஆக்கித் தர இடையில் ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற தற்செயல் இந்தத் தேவையை மறைத்துவிட்டது. ஆங்கில நிரல்களை மட்டும் வைத்து எழுதிய வரலாறுகளுக்கும் அது மறைந்தே போயிற்று.

சிறிய நிரல்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று கேட்கலாம். பொத்தான் ஒன்றும் பெட்டி ஒன்றும் கொண்ட நிரலுக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. அது இங்குள்ள விவாதப்பொருளும் அன்று. ஓயாமல் கேட்கும் சுழற்சிக்குத் திரும்பவேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. செயலியை வீணாக்கியது அதன் உண்மையான குறை. நிகழ்வு வரிசை அதைத் தீர்த்தது. வரிசையிலிருந்து எடுத்த நிகழ்வு யார் கைக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. முந்தைய ஆய்வுகள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுவிட்டன.

நிபந்தனையைக் கைவிட்டதன் விளைவு சோதனைகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஜாவா 1.3இல் ரோபாட் என்ற வகுப்பு வந்தது. திரையின் இன்ன புள்ளிக்குச் சுட்டியை நகர்த்து, பொத்தானை அழுத்து, விசையை அழுத்து என்று அதற்குக் கட்டளையிடலாம். இயக்குதளம் அவற்றை மெய்யான உள்ளீடாகவே எடுத்துக்கொள்ளும். பயனர் செய்ததைத் திரும்பச் செய்துகாட்ட, இல்லாத கையை இப்படி உருவாக்க வேண்டியிருந்தது. பொத்தான் சற்று இடம்பெயர்ந்தாலும் அத்தகைய சோதனை வழிதவறிவிடும். ஆனால் அதே பதிப்பில், அதே நூலகத்தின் இன்னொரு மூலையில், இன்புட்மேப், ஆக்ஷன்மேப் என்ற இணை ஸ்விங் என்ற வரைகலைத் தொகுப்புக்குள் வந்தது. முதலாவது விசையை ஒரு பெயரோடு பிணைக்கிறது. இரண்டாவது அந்தப் பெயரை ஒரு செயலோடு பிணைக்கிறது. பெயரைச் சொல்லிச் செயலை வாங்கி இயக்க விசைப்பலகை தேவையில்லை. டிசம்பர்க் குறிப்பின் நிபந்தனை அங்கே நிறைவேறுகிறது. சுட்டிக்கு அப்படியோர் இணையை ஸ்விங் தரவில்லை.