நாதஸ்வரம்: கருவியின் வடிவ மாற்றங்கள்

நாதஸ்வரம் (நாகஸ்வரம், நாயனம்) தமிழகக் கோயில்களின் முதன்மையான துளைக்கருவி. அடி நோக்கி விரிந்து செல்லும் மரக்குழலுக்கு உலவு என்று பெயர். அதன் அடியில் விரிந்த வாய் போல் அமைவது அணசு. உச்சியில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழலும், அதில் செருகும் சீவாளியும் உள்ளன. விரல்களுக்கு ஏழு துளைகள். அடிப்பகுதியில் மேலும் ஐந்து உண்டு. இவற்றை விரல் தொடுவதில்லை. தேவைக்கேற்ப மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர்.

தோற்றம்: சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் இக்கருவி இப்பெயரால் குறிக்கப்படவில்லை. இலக்கியங்களில் வரும் பெருவங்கியமே இதன் முன்னோடி என்பார் உண்டு. அதை ஏற்காதவரும் உண்டு. கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லில் குடைந்த நாதஸ்வரங்கள் காக்கப்பட்டு வருகின்றன.

திமிரி: இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பரவலாக வழங்கியது திமிரி. உருவில் குட்டை, சுருதி நாலு முதல் ஐந்து கட்டை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் புறப்படும்போது, தவில் முழக்கத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி, மல்லாரி என்னும் புறப்பாட்டு இசை வீதி முழுவதும் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குழல் இல்லை. ஆனால் நான்கு சுவருக்குள் அதே ஒலி காதைத் துளைத்தது. நான்காம் சுரமான மத்தியமத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. துளையை இயல்பாகத் திறந்தால் அதன் உயர்ந்த வகையான பிரதி மத்தியமத்தின் பக்கம் சாயும். தாழ்ந்த வகையான சுத்த மத்தியமம் வேண்டுமானால் உதட்டழுத்தத்தாலும் மூச்சாலும் பிடித்து இறக்க வேண்டும். தோடி, சங்கராபரணம் போன்ற பெரிய ராகங்களை மணிக்கணக்கில் வாசித்த பழைய வித்துவான்கள் இந்தப் போராட்டத்தோடுதான் வாசித்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாரி: மாற்றத்தின் மையத்தில் நிற்பவர்கள் இருவர். ஒருவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). மற்றவர் அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள நரசிங்கம்பேட்டையின் கருவி செய்யும் ஆசாரி ரங்கநாதன். சபா மேடையும் ஒலிபெருக்கியும் வானொலியும் வந்தபின் உரத்து ஒலிக்கும் தேவை குறைந்தது. வாய்ப்பாட்டின் கனத்தை நெருங்கும் குரல் வேண்டியிருந்தது. சுருதி பிடிக்கும் துணைக்குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்ட ராஜரத்தினம், அதற்கேற்ற தாழ்ந்த சுருதிக் குழலைக் கேட்டார். சுருதியை இரண்டு, இரண்டரை கட்டைக்கு இறக்கக் காற்றுத் தம்பம் நீள வேண்டும். குழல் நீண்டால் துளைகளின் இடைவெளி அகலும், விரல் எட்டாது. துளையை விரலுக்கு ஏற்ப நகர்த்தினால் சுரம் விலகும். உள்துளையின் சரிவு, துளைகளின் அளவு, அவற்றின் இடம் மூன்றையும் ஒன்றோடொன்று இணங்கவைத்து, சுத்த மத்தியமம் நேராகப் பேசும்படி செய்ததே ரங்கநாதன் ஆசாரியின் சாதனை. நீளம் ஏறக்குறைய இரண்டரை அடியாயிற்று. இப்படி நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வகையே பாரி.

இது நிகழ்ந்த காலத்தைச் சிலர் 1940-களிலும் சிலர் 1950-களின் நடுப்பகுதியிலும் வைப்பர். பாரி வகையே அப்போதுதான் பிறந்தது என்று கூறுவதும் பொருந்தாது. திருவாரூர்க் கோயிலில் பாரி நாயனத்துக்கெனத் தனி மரபே உண்டு. திமிரிக்கும் பாரிக்கும் நடுவே இடைபாரியும் வழங்கியது. நரசிங்கம்பேட்டையில் நடந்ததைப் புதிய பிறப்பு என்பதைவிடத் திருத்தம் என்பதே பாதுகாப்பு.

மரமும் சீவாளியும்: உலவுக்கு ஆச்சா மரம், அணசுக்கு வாகை. பச்சை மரம் உதவாது. காய்ந்து சுருங்கினால் சுருதி போய்விடும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் தேடி வாங்குவர். பல தலைமுறை கூரையைத் தாங்கிய கட்டை, கடைசல் பட்டறைக்கு வந்து குழலாகிறது. சீவாளி, ஆற்றங்கரை நாணல் தட்டையை வேகவைத்து, உலர்த்தி, மாதக்கணக்கில் பதப்படுத்திச் செய்வது. திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பெயர் உண்டு. உலவில் கட்டிய நூலில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் செப்பனிடும் தந்த ஊசியும் தொங்கும். கச்சேரிக்கு முன் வித்துவான் சீவாளியை வாயில் ஊறவைத்து, ஊசியால் வாயைத் திறந்து, ஊதிப் பார்த்து, மறுபடி ஊறவைப்பார். ராகம் அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

அண்மைக்காலம்: ஒத்தின் இடத்தைப் பெரும்பாலும் மின்னணுச் சுருதிப்பெட்டி பிடித்துவிட்டது. செயற்கைப் பொருளாலான சீவாளிகளும் புழங்குகின்றன. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.