"நடிக்கல, வாழ்ந்திருக்கா" என்று சொல்லாதீர்கள்! – ஷோபாவும் 'பசி'யும்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு (சிறுவாச்சூர்தான்) வந்து பத்து நாள் ஆகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தோழிகள் எல்லோரும் பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்த 'அடலசன்ஸ்' தொடரை ஒருவழியாக உட்கார்ந்து பார்த்தேன். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இங்கிலாந்துத் தொடர். மொத்தம் நான்கே பகுதி. கூடப் படித்த பெண்ணைக் கொலை செய்ததாக 13 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அந்தப் பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் வேலை. 2025 செப்டம்பரில் எம்மி விருது வாங்கியபோது அவனுக்கு வயது 15. நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் அவன்தான் மிக இளையவன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் மூன்றாவது பகுதியில், அந்தப் பையன் மனநல நிபுணர் முன்னால் உட்கார்ந்து சட்டென்று கத்துகிற இடத்தில் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: "எங்க காலத்துல இதே மாதிரி ஒரு பொண்ணு இருந்துச்சுடி. ஷோபான்னு பேரு. 'பசி'ன்னு ஒரு படம், கொட்டகையில பார்த்தேன். அது நடிக்கலடி, வாழ்ந்துருக்கும்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 'பசி' வந்தது 1979 டிசம்பரில். இயக்கியவர் துரை. சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் ரிக்ஷா ஓட்டுகிறவரின் மகள் குப்பம்மா. வீட்டில் நிறைய வாய்கள், கொஞ்சம் சோறு. குப்பம்மா காகிதம் பொறுக்கப் போகிறாள். அங்கே ஒரு லாரிக்காரன் பழக்கமாகிறான், சாப்பாடு வாங்கித் தருகிறான். அவனுக்கு ஏற்கனவே மனைவி, பிள்ளைகள் இருப்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குள் அவள் வயிற்றில் குழந்தை. முடிவை நான் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள். அப்பாவாக நடித்த டெல்லி கணேஷுக்கு மாநில அரசின் சிறப்பு விருது கிடைத்தது. குப்பம்மாவின் தோழியாக வந்த சத்யாவுக்குப் படத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, அன்றிலிருந்து அவர் 'பசி' சத்யா ஆகிவிட்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது படத்துக்கு. சிறந்த நடிகைக்கான தேசிய விருது ஷோபாவுக்கு.

ஷோபா பிறந்தது 1962 செப்டம்பர் 23. படம் வந்தபோது அவருக்கு வயது 17. நம்மூரில் பிளஸ் டூ படிக்கிற வயது. அந்த வயதில் நாட்டின் சிறந்த நடிகை.

அடுத்த தேதியை எழுதக் கை வரவில்லை. 1980 மே 1. அன்று ஷோபா இறந்துபோனார். தற்கொலை. பதினெட்டு வயது முடிய இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. பாலு மகேந்திரா இயக்கத்தில் அவர் நடித்த 'மூடுபனி' அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

அவர் ஏன் இறந்தார் என்பதைப் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தில் கே.ஜி. ஜார்ஜ் 1983-இல் எடுத்த ஒரு படத்தை அவருடைய கதையாகவே பலரும் பார்த்தார்கள். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அவர் இறந்த பிறகு, 'பசி'யைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குப்பம்மாவின் முகத்தில் ஷோபாவின் சாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "பாவம், உள்ளே இருந்த துக்கம்தான் வெளியே வந்திருக்கிறது" என்கிறார்கள். அதாவது அவர் எதுவும் செய்யவில்லையாம், துக்கம் தானாக வந்து காமிரா முன்னால் நின்றதாம்! இது புகழ்ச்சி மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஒருவருடைய உழைப்பை இல்லை என்று சொல்வதுதான் இது.

கணக்குப் படிக்கிறவள் என்பதால் கணக்காகவே பார்க்கிறேன்.

ஷோபாவின் அம்மா பிரேமாவும் மலையாள நடிகைதான். சந்திரபாபு (நம் நகைச்சுவை நடிகர்தான்) இயக்கி 1966-இல் வந்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தில் பேபி மகாலட்சுமி என்ற பெயரில் ஷோபா நடித்தபோது அவருக்கு நான்கு வயது முடிந்திருந்தாலே அதிகம். அதற்கும் 'பசி'க்கும் இடையில் 13 வருடம். தமிழோடு மலையாளம், கன்னடம் என்று நடித்திருக்கிறார். பதின்மூன்று வருடத்தில் ஒரு தச்சர் தேர்ந்த தச்சராகிவிடுவார். நடிகை மட்டும் "தானாக வாழ்ந்துவிட்டார்" என்றால் எப்படி?

இன்னொன்று. 1978-இல் கே. பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது' படத்திலும் ஷோபாதான் ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமாகும் பெண். வீட்டு வேலைக்கு வந்த திலகம். அப்போது அவருக்கு வயது 15. திலகத்துக்கு வந்த அதே கதிதான் குப்பம்மாவுக்கும். ஆனால் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்த திலகம் வேறு, சென்னைக் குப்பையில் வளர்ந்த குப்பம்மா வேறு. ஒரே துக்கம் தானாகப் பொங்கி வந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே பெண்ணாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அதே 1978 ஆகஸ்டில் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. ரஜினிக்குத் தங்கை வள்ளி. அதில் கடைசியில் வள்ளி கல்யாணக் கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வருகிற காட்சியை டி.வி.யில் எத்தனை முறை போட்டாலும் எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய ஆதாரம் 'அழியாத கோலங்கள்'. பாலு மகேந்திரா படம், 'பசி' வந்த அதே 1979 டிசம்பரில் வந்தது. பருவ வயதில் நுழைகிற மூன்று பையன்களின் கதை. அவர்கள் மயங்கிப் போகிற டீச்சர் இந்துமதி யார் என்று நினைக்கிறீர்கள்? ஷோபாதான்! ஒரே மாதத்தில் ஒரு கொட்டகையில் காகிதம் பொறுக்குகிற பெண், இன்னொரு கொட்டகையில் பையன்களை அதட்டாமல் அடக்குகிற டீச்சர். இதில் எதை அவர் "வாழ்ந்தார்"?

இங்கிலாந்துப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். 'அடலசன்ஸ்' தொடரில் ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே டேக்கில் எடுக்கப்பட்டது. பெரியம்மா கீரையை வைத்துவிட்டுப் பார்த்த அந்த மூன்றாவது பகுதியில் நாம் பார்ப்பது 11-வது டேக். அதாவது சுமார் ஒரு மணி நேரக் காட்சியை மறுபடி மறுபடி முதலிலிருந்து நடித்திருக்கிறான். அழுகை, கத்தல் எல்லாம். ஒருவன் ஒரு கஷ்டத்தைப் பதினோரு முறை வாழ முடியுமா? பதினோரு முறை வேலை செய்ய முடியும்.

இதை ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் ஒரு மதுவிலக்கு நாடகம் போட்டோம். நான் குடிகாரரின் மகள். பன்னிரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒத்திகை. அழுகை வரவே வரவில்லை எனக்கு. எங்கள் டீச்சர்தான் மேடைக்கு மேலே எரிகிற பல்பைக் கண் சிமிட்டாமல் பார், மனதுக்குள் இருபது எண்ணு, அப்புறம் தலையைக் குனி என்று சொல்லிக் கொடுத்தார். எண்ணி எண்ணிப் பழகினேன். விழா அன்று சரியாகப் பதினேழில் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கில் சொன்னார்: "இந்தப் பொண்ணு நடிக்கல, வாழ்ந்திருக்கு." முன்வரிசையில் இருந்த எங்கள் தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் அப்போது அப்பா குடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரியும். அன்று அவர் குடிக்காமல், சட்டை மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். நான் மேடையிலிருந்து தேடியபோது அந்த இடம் காலியாக இருந்தது.

பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் பழகியதையும் அந்தப் பதினேழையும் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வாக்கியத்தில் என் வேலையையும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவையும் கூட்டத்தில் நிற்க விடாமல் செய்துவிட்டார்கள். அப்பா குடியை விட்டு இப்போது மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தட்டில் நான் இன்னும் சாப்பிட்டதில்லை.

சரி, மறுபடி சட்டத்துக்கும் வரலாற்றுக்கும். நடிப்பை வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்விகள் வரும். எத்தனை மணி நேரம்? யார் கூட இருந்தார்கள்? பணம் யார் கையில்? இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளை நடிக்க வேண்டுமென்றால் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், கூடவே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கான விதிகள் வந்தது 2017-இல்தான். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தபோது, நடிப்புக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். அதற்குக் கட்டுப்பாடுகள்: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் இவை 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஆபத்தான வேலைகள் மட்டுமே தடை. நடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, 15 வயதுத் திலகமும் 17 வயதுக் குப்பம்மாவும் இன்றைக்கு நடிக்க வந்தாலும் இந்த 5 மணி நேரக் கணக்குக்குள் வரமாட்டார்கள். இப்படி ஒரு விதி இருந்திருந்தால் ஷோபா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வியை "வாழ்ந்துவிட்டார்" என்ற ஒற்றை வார்த்தையால் மூடிவிடுகிறோம் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'பசி'யைப் போடச் சொன்னார். செல்போனில் தேடிப் போட்டேன். இரண்டு பேரும் பார்த்தோம். குப்பம்மா சாப்பிடுகிற ஒரு காட்சி வந்ததும் பெரியம்மா என் தொடையைத் தட்டி, "கைய பாருடி, எப்புடி செய்யிறா பாரு" என்றார்.

செய்யிறா என்றார். எனக்கு அது போதும்.

நண்பர்களே, நேரம் கிடைத்தால் 'பசி'யையும் 'அழியாத கோலங்கள்' படத்தையும் ஒரே வாரத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் "வாழ்ந்திருக்கிறார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்...