ஸ்டாக் டிரேஸ்

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முறிந்து விழுந்தால், எந்தச் சார்பு எதை அழைத்து அந்த இடத்துக்கு வந்தது என்று பின்னோக்கிக் காட்டும் பட்டியலே ஸ்டாக் டிரேஸ். ஸ்டாக் என்பது அடுக்கு. டிரேஸ் என்பது தடம் பிடித்தல்.

அடுக்கு என்ற கருத்து முதலில் வேறு பெயர்களில்தான் உலவியது. ஆலன் டூரிங் 1945-இன் இறுதியில் எழுதிய ஏஸ் கணினித் திட்டத்தில், திரும்ப வேண்டிய முகவரியைச் சேமிப்பதற்குப் 'புதைத்தல்', மீட்பதற்குத் 'தோண்டியெடுத்தல்' என்று பெயரிட்டார். 1957-இல் காப்புரிமை கோரிய ஜெர்மானியர்கள் பாவரும் ஸாமல்சனும் வைத்த பெயர் 'கெல்லர்', அதாவது நிலவறை.

பைத்தானிலும் ஜாவாவிலும் இந்தப் பட்டியலை இயக்கச்சூழலே தயாரித்துத் தந்துவிடும். இயங்குதளமே இல்லாத சில்லில் ஓடும் சி நிரலுக்கு அந்த வசதி கிடையாது. நிரலரே தடம் பிடிக்க வேண்டும்.

வழி எளியது. எக்ஸ்86-64 செயலியில் ஆர்பிபி என்ற பதிவகம் நடப்புச் சட்டகத்தை, அதாவது அடுக்கில் இப்போது ஓடும் சார்புக்குரிய பகுதியைச் சுட்டும். அந்த இடத்தில் முந்தைய சட்டகத்தின் முகவரி இருக்கும். எட்டு பைட் மேலே, திரும்ப வேண்டிய முகவரி. சங்கிலி முடியும்வரை இப்படியே தொடர்ந்து, கிடைத்த எண்களை 'ஆட்ர்2லைன்' கருவியிடம் கொடுத்தால் சார்பின் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும்.

வேகத்துக்காகத் தொகுப்பி இந்தச் சட்டகச் சுட்டியை நீக்கிவிடுவதுண்டு. அப்போது கைகொடுப்பவை டுவார்ஃப் அட்டவணைகள். எல்ஃப் (ஆங்கிலத்தில் ஒரு மாயக்கதை உயிரியின் பெயரும்கூட) என்ற கோப்பு வடிவத்துக்குத் துணையாக வந்ததால், மாயக்கதைக் குள்ளனின் பெயரை விளையாட்டாகப் பெற்ற வடிவம் இது. அட்டவணையைப் படித்துத் தடம் பிடிப்பது மெதுவான வேலை. அதனால் 2023-இல் வெளியான ஃபெடோரா 38 லினக்ஸ் இயங்குதளம், தன் தொகுப்புகளில் அந்தச் சுட்டியை மீண்டும் சேர்த்துக்கொண்டது.