ஸ்மார்ட் ஈரப்பதமூட்டி: தாம்பரம் வட்டாரத்தில் பயன்பாடும் பராமரிப்பும்

ஈரப்பதமூட்டி என்பது அறைக் காற்றில் நீராவியையோ நுண்துளிகளையோ சேர்க்கும் மின்கருவி. வைஃபை வழியாகக் கைப்பேசிச் செயலியோடும் வீட்டிலுள்ள மற்றக் கருவிகளோடும் இணைந்து, ஈரப்பத உணரி காட்டும் அளவுக்கேற்பத் தானே ஓடி நிற்கும் வகையை ஸ்மார்ட் ஈரப்பதமூட்டி என்கிறார்கள். குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்டு வறண்டுபோன அறைகளுக்காகப் பரவிய கருவி இது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் எனத் தென்சென்னைப் புறநகரில் இதற்கு ஏறக்குறைய ஒரே ஓர் இடந்தான் உண்டு: இரவெல்லாம் ஏ.சி. ஓடும் படுக்கையறை.

வட்டாரத்தின் காற்று

கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால் தாம்பரத்துக்குக் கடற்காற்று சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது. கத்திரி வெயில் நாட்களில் மேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும் முற்பகல், நண்பகல் வேளைகளில் மட்டும் வெளிக்காற்று உண்மையாகவே வறண்டிருக்கும். மற்றபடி ஆண்டு முழுவதும் புழுக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் துணி காயாது, அலமாரிக்குள் பூசணம் பிடிக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளில் சுவர் ஈரம் லேசில் வற்றவில்லை. அத்தகைய வீட்டுக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் கருவி, ஈரமூட்டுவது அல்ல.

காற்றுக்கும் நுரையீரலுக்கும் பெயர்பெற்ற ஊர் தாம்பரம். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் நடத்தி, கணிதமேதை ராமானுஜனையும் சில காலம் நோயாளியாகப் பார்த்த டாக்டர் டேவிட் சவுரிமுத்து, 1928இல் இங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த இல்லமே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. திறந்தவெளிக் காற்றே அவருடைய சிகிச்சையின் அடிப்படை. ஈரப்பதமூட்டி வாங்க நினைப்பவர் முதலில் கருத வேண்டியதும் அதுதான், ஏனென்றால் இந்த ஊரில் சன்னலே ஓர் ஈரப்பதமூட்டி. 24 டிகிரி அறையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 22 கிராம் நீராவியைத் தாங்கும். வெளியே 30 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் ஒரு சாதாரண இரவில், அதே ஒரு கனமீட்டரில் ஏற்கெனவே சுமார் 23 கிராம் இருக்கிறது. கதவைச் சற்று நேரம் திறந்துவைத்தாலே போதிய ஈரம் உள்ளே வந்துவிடும்.

எவ்வளவு ஈரம் தேவை

வீட்டுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். 60ஐத் தாண்டினால் பூசணம் வளரும், மெத்தையில் தூசிப்பூச்சி பெருகும். ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள நீரையும் பிரித்து வடிகுழாய் வழியாக வெளியேற்றுவதால், மூடிய அறையில் ஈரப்பதம் நேரம் போகப் போக இறங்கும். தொண்டை வறட்சி, மூக்கில் எரிச்சல், கண் உறுத்தல் எல்லாம் அப்போது வரலாம். ஆனால் குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தாலும், வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினாலும் இதே தொல்லைகள் வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை ஒரு வாரம் படுக்கையறையில் வைத்துப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். அளவு 40க்குக் கீழே போகவில்லையென்றால் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், மேற்கூரை பத்தடி உயரமென்றால், ஈரப்பதத்தைப் பத்துப் புள்ளி உயர்த்த ஏறத்தாழ 75 மில்லி நீர் போதும். கடையில் விற்கும் கருவிகள் பலவும் மணிக்கு 200 முதல் 300 மில்லி வரை புகையவிடுகின்றன. கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் கருவி தெளித்த நீரை ஏ.சி. பிடித்து வெளியே வடிக்கும்; இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும்.

தண்ணீர்

இந்த வட்டாரத்தில் அதிகம் விற்பது அல்ட்ராசோனிக் வகை. தொட்டிக்கு அடியிலுள்ள பீங்கான் தகடு நொடிக்குச் சுமார் 17 லட்சம் தடவை அதிர்ந்து தண்ணீரைச் சில மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிதறடிக்கிறது. கொதிக்கவைக்கும் வகையில் உப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். திரிவழி ஆவியாக்கும் வகையில் திரியில் படியும். அல்ட்ராசோனிக் வகையிலோ தண்ணீரிலுள்ள உப்பெல்லாம் துளியோடு பறந்து, துளி உலர்ந்ததும் வெண்பொடியாகக் காற்றில் மிதக்கும்.

புறநகரில் பல வீடுகளுக்கு போர் தண்ணீர், இல்லையென்றால் லாரித் தண்ணீர். இந்தியத் தரநிர்ணய அமைவனம் குடிநீரில் கரைந்த உப்புக்கு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. டி.டி.எஸ். 1,000 உள்ள போர் தண்ணீரை மணிக்கு 300 மில்லி வீதம் எட்டு மணி நேரம் ஓடவிட்டால், ஏறத்தாழ 2.4 கிராம் உப்புப்பொடி அறைக்குள் சேரும். காலையில் கறுப்பு டி.வி. திரையில் விரலை ஓட்டினால் கோடு விழும். அதே பொடியைத்தான் தூங்கும் குழந்தையும் சுவாசித்திருக்கும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவுதான் என்றாலும், சுருளில் படிந்த தூசியும் கிருமியும் அதில் கலந்திருக்கும். அது கருவிக்கு ஆகாது.

இணைப்பும் தானியக்கமும்

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் செயலி கருவியைத் தேடிக்கொண்டே இருக்கும். கருவிக்குள்ளேயே இருக்கும் உணரி தன் புகையையே அளந்து ஏமாறுவதால், அறையின் மறுபக்கம் தலையணை உயரத்தில் தனி உணரி ஒன்றை வைத்து, அதன் அளவில் ஓடச் செய்வது சரி. மலிவான உணரிகளில் மூன்று முதல் ஐந்து புள்ளி பிழை இருக்கும் என்பதால், ‘40க்குக் கீழே ஓடு, 48இல் நில்’ என்று இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். ஏ.சி. நின்றால் இதுவும் நிற்க வேண்டும் என்ற விதி கட்டாயம். மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் சில கருவிகள் தாமே ஓடத் தொடங்கும். அதைச் செயலியில் அணைத்துவையுங்கள். இணையம் அறுந்தாலும் நிற்கும் வகையில் விதி கருவிக்குள்ளோ வீட்டு ஹப்பிலோ இருப்பது நல்லது. கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, கருவியை விருந்தினர் வைஃபையில் தனியாக விடுங்கள்.

சுத்தம்

தினமும் காலையில் மீந்த தண்ணீரைக் கொட்டி, தொட்டியைத் துடைத்து, திறந்துவைத்துக் காயவிட வேண்டும். தொட்டியை உள்ளே தடவும்போது வழவழப்புத் தட்டினால் கிருமிப்படலம் உருவாகிவிட்டது என்று பொருள். அதை அப்படியே காற்றில் தெளித்தால் காய்ச்சல், இருமல், நுரையீரல் அழற்சி வரை போகலாம். வாரம் ஒருமுறை வினிகரோ எலுமிச்சை உப்புக் கரைசலோ ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டால், தகட்டைச் சுற்றிப் படிந்த வெள்ளை வளையம் இளகும். மெல்லிய தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். கத்தி, கம்பிநார் பட்டால் தகடு கீறிப் புகை குறைந்துபோகும். வினிகரோடு பிளீச்சிங் திரவத்தைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு எழும்.

தொட்டித் தண்ணீரில் கிருமிநாசினி எதையும் ஊற்றாதீர்கள். தென்கொரியாவில் ஈரப்பதமூட்டிக்கென்றே விற்ற கிருமிநாசினியைச் சுவாசித்து நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் கெட்டு இறந்தது 2011இல் வெளிவந்தது. அவர்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். நீலகிரித் தைலம், கற்பூரம் போன்றவையும் வேண்டாம். தொட்டிப் பிளாஸ்டிக் வெடிக்கும் என்பதோடு, கைக்குழந்தைக்குக் கற்பூரம் ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

மழைக்காலம் தொடங்கியதும் கருவியைக் கழுவி, முற்றிலும் காயவைத்து எடுத்துவைத்துவிடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் பெருகிவிடும்.