மிலிட்டரி லாரியின் மொட்டை டயர்



கோயம்புத்தூரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்து செவர்லே லாரி ஒன்றை வாங்கிச் சரி செய்துகொண்டிருக்கிறார். இன்ஜின் ஓடுகிறதாம். டயர்தான் அகப்படவில்லையாம். "சார், அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பக்கம் இந்த வண்டிக்கு டயருக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

வலங்கைமானுக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நெல் மூட்டை கும்பகோணம் ஸ்டேஷனுக்கோ நீடாமங்கலத்துக்கோ மாட்டு வண்டியில்தான் போகும். போர் முடிந்ததும் ராணுவம் தனக்கு வேண்டாத வண்டிகளை ஏலம் விட்டது. 'டிஸ்போசல்' லாரி என்று பெயர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்து ரைஸ் மில் ஒன்றில் அப்படி ஒன்று ஓடியது. சப்பை மூக்கு, பச்சை பெயின்ட் உரிந்து உள்ளே இன்னொரு பச்சை. கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே அச்சில் செய்த ரகம் அது. அந்தப் போருக்காகக் கனடா செய்த ராணுவ வண்டிகள் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல்.

அந்த வண்டியின் சங்கடமே சக்கரத்தில்தான். அதன் டயரில் 10.50-16 என்று போட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் குறுக்களவு, இரண்டும் அங்குலத்தில். மணலிலும் சேற்றிலும் புதையாமல் ஓட, அகலமான டயரைச் சின்ன ரிம்மில் போட்டார்கள். நம் ஊர் லாரிகளுக்கோ ரிம் 20 அங்குலம். கடையில் கிடைக்கும் டயர் இதற்குச் சேராது. தேயத் தேய ஓட்டி, பட்டன் போய், மொட்டையாகி, கடைசியில் உள்ளே பருத்தி நூல் தெரியும். நூல் தெரிந்தபிறகும் ஓட்டினார்கள்.

அளவு சரியாக இருந்த வண்டிக்காரர்களுக்கும் போர்க் காலத்தில் புது டயர் சுலபத்தில் கிடைக்கவில்லை. காரணம் மலாயா. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. உலகத்து இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான் வந்தது. சில மாதங்களில் அது கைவிட்டுப் போயிற்று. அமெரிக்காவில் பெட்ரோல் கொட்டிக் கிடந்தது. ஆனாலும் 1942 டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள், வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல, டயரை மிச்சம் பிடிக்க! வகுப்பில் இதை நான் சொன்னபோதெல்லாம் யாரும் நம்பியதில்லை.

நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர்த் தோட்டம் இலங்கைதான். அங்கே மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பால் வடித்தார்கள். நமக்குத் திருவிதாங்கூர், மலபார் ரப்பர் கொஞ்சம் இருந்தது. ராணுவம் எடுத்ததுபோக மீதி என்ன வரும்? அதே 1942 மார்ச்சில் ரங்கூனும் விழுந்து பர்மா அரிசி நின்றுபோனது. தஞ்சாவூர் நெல்லுக்கு எல்லாரும் கை நீட்டிய நேரத்தில், அதைச் சுமக்கும் லாரிக்கு டயர் இல்லை.

மலாயா என்றால் நம் வீடுகளில் வேறு அர்த்தம். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்! கங்காணி கூட்டிப்போக, விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எங்கள் தாத்தாவின் தம்பியும் அதில் ஒருவர். மூன்று மாதத்துக்கொரு மணியார்டர் வருமாம். சிங்கப்பூர் விழுந்ததோடு கடிதமும் நின்றது, பணமும் நின்றது. ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்குகூட இல்லை. சின்னத் தாத்தா போனது அந்தக் காட்டுக்கா, வேறெங்குமா என்று எங்கள் வீட்டுக்குச் செய்தி வரவே இல்லை. சின்னப் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

நம் ஊர் லாரியில் டயர் இல்லை என்பதும் நம் வீட்டுக்குக் கடிதம் இல்லை என்பதும் ஒரே செய்திதான். சரித்திரப் புத்தகத்தில் ஒன்று பொருளாதாரத்தில் இருக்கும், இன்னொன்று எங்குமே இருக்காது.

சரி, டயருக்கு வருவோம். பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குக் கரி கேஸ் பஸ் வந்தது. பின்னால் கரி அடுப்பு, புறப்படுமுன் கிளீனர் கைப்பிடியைச் சுற்றி ஊத வேண்டும். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அந்தக் கேஸ் பிளான்டையும் செய்தார், தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடும் தொழிலிலும் இறங்கினார். மொட்டை டயரின் மேல்பக்கத்தைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர்ப் பட்டை சுற்றி, அச்சில் வைத்து வேக வைப்பது. உள்நூல் கெடாமல் இருந்தால்தான் இது நிற்கும். நூல் அறுந்த டயருக்கு ரீட்ரெட் போட்டால் பாதி வழியில் உரிந்து தொங்கும். சென்னை திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் இந்த ரீட்ரெட் ரப்பருக்குத்தான் மாறினார். எம்.ஆர்.எஃப் சொந்தமாக டயர் செய்ய வந்தது 1961-இல். நம் நாட்டில் புது டயரைவிடப் பழைய டயரே முதலில் சோறு போட்டது என்று நான் சொல்வேன்.

எங்கள் பக்கத்து மில்காரர் கடைசியில் ரிம்மையே வெட்டி எறிந்துவிட்டு, 20 அங்குல ரிம் பற்றவைத்து, சாதாரண லாரி டயர் போட்டார். வண்டி கொஞ்சம் உயரமாகி ஒட்டகம் மாதிரி நடந்தது, ஆனால் ஓடியது.

கோயம்புத்தூர்த் தம்பிக்கு ஒன்று. அந்த ராணுவச் சக்கரங்கள் பல, இரண்டு தட்டுகளை வட்டமாக நட்டுப் போட்டுச் சேர்த்தவை. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டு வேறு, தட்டுகளைப் பிரிக்கும் நட்டு வேறு. முள்ளை எடுத்துக் காற்று முழுதும் இறங்காமல் இரண்டாவதில் ஸ்பேனர் வைத்தால் தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆளைக் கொன்றுவிடும். இதற்காகவே சில வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். நீங்கள் புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போது அதைப் பச்சையாக்கிவிடாதீர்கள்.

செத்த டயரும் வீணாகவில்லை. டயர் செருப்பாயிற்று. நாங்கள் குச்சியால் உருட்டி விளையாடினோம். போகிக்குக் கொளுத்தினோம், அதை மட்டும் செய்திருக்க வேண்டாம்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்னத் தாத்தா மலாயாவிலிருந்து போட்ட கடிதம், மணியார்டர் துண்டு, எஸ்டேட் பெயர் எழுதிய எந்தக் காகிதமாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எஸ்டேட் பெயர் மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.